அடுக்களையில் ஒரு துறவறம்

மன அமைதியை நாடுவோர் இக்காலத்தில் பலர். செய்யும் செயலில் கருத்தை ஊன்றினால் அமைதி கிட்டும் என்னும் அறிவுரையும் எங்கும் கேட்கப்படுகிறது. உண்ணும்போது உண்பதை மட்டும் எண்ணுக, நடக்கும்போது நடப்பதை மட்டும் எண்ணுக என்கின்றனர். இது நேற்றுப் பிறந்த கருத்தன்று. நடத்தல், நிற்றல், உண்டல், உடுத்தல் ஆகிய அனைத்தையும் விழிப்போடு செய்யும் பயிற்சியைப் பாலி மொழிப் பௌத்த நூல்கள் விரித்துரைக்கின்றன. எனினும், சமையல் வேலையைத் தவத்துக்கு ஒப்பாக வைத்துப் பேசிய வரலாறு சீனத்திலும் ஜப்பானிலும் சிறந்து விளங்குகிறது. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை ஈண்டுக் காண்போம். ஆசிரியராகிய நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதில் ஒரு கேள்வியும் உண்டு.

தியானம் என்னும் இந்தியச் சொல்லே சீனத்தில் ‘சான்’ என்றும், ஜப்பானில் ‘ஜென்’ என்றும் திரிந்து வழங்கியது. சீனத்தில் அந்நெறியை நாட்டியவராகப் போற்றப்படுபவர் போதிதருமர். அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்று ஒரு பழைய குறிப்பும், பாரசீகர் என்று அதனினும் பழைய மற்றொரு குறிப்பும் கூறும். அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா. அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் வந்த ஜப்பானியத் துறவி ஒருவரே நம் கட்டுரையின் தலைவர்.

அவர் பெயர் டோகன். கி. பி. 1200-இல் பிறந்தவர். இளமையிலேயே தாயை இழந்து, பதின்மூன்றாம் வயதில் துறவு பூண்டவர். மெய்யான நெறியைத் தேடி 1223-இல் சீனத்துக்குக் கப்பலேறினார். இன்று நிங்போ எனப்படும் துறைமுகத்தில் கப்பல் நின்றது. கரையிறங்கும் முன் சில காலம் அவர் கப்பலிலேயே தங்க நேர்ந்தது. அப்போது அறுபத்தொரு வயதுடைய சீனத் துறவி ஒருவர் காளான் வாங்குவதற்காகக் கப்பலுக்கு வந்தார். அவர் அயூவாங் மலை மடத்தின் சமையற் பொறுப்பாளர். அயூவாங் என்பது நம் அசோக மன்னரின் பெயர் சீன மொழியில் வழங்கும் வடிவம்! மறுநாள் விழா நாள். துறவியர்க்கு நல்ல உணவு படைக்க வேண்டும் என்பதற்காகப் பத்து மைலுக்கு மேல் நடந்து வந்திருந்தார் அம்முதியவர்.

டோகனுக்கு மகிழ்ச்சி. இரவு தங்கி உரையாடிச் செல்லுமாறு வேண்டினார். முதியவர் இசையவில்லை. தாம் இல்லாவிடில் மறுநாள் உணவு சரிவர அமையாது என்றார். அத்துணைப் பெரிய மடத்தில் சமைக்க வேறு ஆள் இல்லையா, இம்முதிய வயதில் தியானமும் நூலாராய்ச்சியும் செய்யாமல் அடுக்களையில் உழல்வது ஏன் என்று டோகன் வினவினார். படித்த இளைஞர் கேட்கக்கூடிய கேள்விதான். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். அயல்நாட்டு இளைஞருக்குப் பயிற்சி இன்னதென்றும் தெரியவில்லை, எழுத்து இன்னதென்றும் தெரியவில்லை என்று கூறிவிட்டு, இருட்டுமுன் மடம் சேர விரைந்தார். டோகன் நாணி நின்றார்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. டோகன் தியந்தோங் மலை மடத்தில் பயின்றுகொண்டிருந்தார். பொறுப்பினின்று விலகிச் சொந்த ஊர் திரும்பும் வழியில் அம்முதியவர் அவரைக் காண வந்தார். எழுத்து என்பது யாது என்று டோகன் மீண்டும் கேட்டார். முதியவர் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிக் காட்டினார். பயிற்சி என்பது யாது என்ற வினாவுக்கு, உலகில் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்னும் பொருள்பட விடை கூறினார். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண் கற்பிக்கும் நண்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். நாம் நாள்தோறும் அலுப்போடு சொல்லும் ஐந்து எண்களைத்தான் அம்முதியவர் கல்வியின் உச்சியில் வைத்தார்.

தியந்தோங் மடத்திலேயே மற்றொரு நிகழ்ச்சி. அங்கே சமையற் பொறுப்பிலிருந்தவருக்கு அறுபத்தெட்டு வயது. முதுகு வில்லாக வளைந்து, புருவம் நரைத்திருந்தது. உச்சிவெயிலில், தலையில் குல்லாயுமின்றி, சுடுகின்ற தரைமீது காளான்களைப் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தார். வேலையாள் எவரையேனும் ஏவலாகாதா என்று டோகன் இரங்கிக் கேட்டார். பிறர் தாம் ஆகார் என்றார் முதியவர். வெயில் தணிந்தபின் செய்யலாமே என்றதற்கு, வேறு எந்த வேளைக்காகக் காத்திருப்பது என்று திருப்பிக் கேட்டார். டோகன் வாயடைத்துப் போனார்.

1227-இல் அவர் தாயகம் திரும்பினார். கியோத்தோ நகரில் தாம் தங்கிய மடத்தில் சமையற் பொறுப்பு என்பது பெயரளவிலேயே இருக்கக் கண்டார். பொறுப்பாளர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் ஏவலாளர் கையில் இருந்தது. இக்குறையே அவரை எழுதத் தூண்டியது. 1237-இல் ‘டென்சோ கியோகுன்’ என்னும் நூலை இயற்றினார். சமையற் பொறுப்பாளருக்கு அறிவுரை என்பது அத்தலைப்பின் பொருள்.

அந்நூல் வானத்தில் பறப்பதன்று. அரிசி களையும்போது அரிசியையும் கல்லையும் ஒருங்கே நோக்க வேண்டும். ஒரு மணியும் வீணாகக் கூடாது. கழுநீரையும் பாராது கொட்டக் கூடாது. உயரத்தில் வைக்க வேண்டியவற்றை உயரத்திலும், தாழ வைக்க வேண்டியவற்றைத் தாழவும் வைக்க வேண்டும் என்கிறது. எளிய கீரையாயினும் இகழாது, உயர்ந்த பண்டமாயினும் மகிழ்ந்து மயங்காது, ஒரே கருத்தோடு சமைக்கச் சொல்கிறது. மகிழ்வுள்ளம், பெற்றோருள்ளம், பேருள்ளம் என மூவகை உள்ளத்தையும் வேண்டுகிறது. சமைத்த உணவை அனுப்புமுன், உண்போர் இருக்கும் மண்டபத்தை நோக்கிப் பொறுப்பாளர் ஒன்பது முறை வணங்க வேண்டும்.

இங்குதான் நான் முன்னே குறித்த கேள்வி எழுகிறது. என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருள் பிரியும் வேளையில் நிரையில் இறங்குவர். உளி ஆழ இறங்கினால் மரம் காயப்படும். மேலோடு நின்றால் பால் குறையும். நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த மெல்லிய அளவு தப்பாமல் சீவிய கைகளில் விழிப்பு இல்லையென்று எவர் கூற முடியும்? டோகன் கண்ட முதியவருக்கு அவர்கள் எவ்வகையிலும் குறைந்தவரல்லர். அவ்வாறாயின் அந்த அமைதி அவர்களுக்குக் கிட்டியதா? சில காலைப் பொழுதுகளில் கிட்டியிருக்கலாம். மாலையில் கணக்குப் பார்க்கும்போது அது நிலைத்ததில்லை என்பதை வீட்டிலிருந்து கண்டவன் நான்.

காரணத்தை அந்நூலே காட்டுகிறது. சமையற் பொறுப்பு என்பது மடத்தின் ஆறு பெரும் பொறுப்புகளுள் ஒன்று. நெறியில் முதிர்ந்தவர்க்கே அது அளிக்கப்பட்டது. வேலையில் கருத்தும், வேலைக்கு மதிப்பும் அங்கே சேர்ந்திருந்தன. மதிப்பை மறுத்துவிட்டுக் கருத்தை மட்டும் கேட்பது ஏவலே ஆகும். உழைப்பவரை நோக்கி, உள்ளதைக் கொண்டு அமைதியாயிரு என்று கூற இவ்வரலாற்றில் இடமில்லை.

பிற்காலத்தில் இந்நெறி உலகெங்கும் பரவியது. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான், போர்க் காலத்தில் தொண்டு புரிந்த தம் நாட்டவருக்காக எழுதிய நூல் 1975-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பாத்திரம் கழுவுதலையும் அவர் பயிற்சியாகக் காட்டினார். 1979-இல் ஜான் கபாட்-ஸின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இதைப் பயிற்றலானார். பலர் நலம் பெற்றனர். ஆயினும், அமைதியே நாடும் பொருளாகிவிடும்போது ஒன்று நழுவிப்போகிறது. அயூவாங் மலை முதியவர் அமைதியைத் தேடி நடக்கவில்லை. நாளைய உணவுக்காக நடந்தார். உண்போர் மீது வைத்த அன்பின் நிழலாகவே அமைதி அவரைத் தொடர்ந்தது.

என் குறை ஒன்றைக் கூறி முடிக்கிறேன். தலைமையாசிரியர் பொறுப்பேற்ற முதலாண்டில், ஒரு காலை, ஆசிரியர் வராத வகுப்பில் நானே வருகைப் பதிவேட்டை எடுத்தேன். மனமோ அன்று பிற்பகல் நடக்கவிருந்த கூட்டத்தில் இருந்தது. வராத சிறுமி ஒருத்திக்கு வந்ததாகக் குறியிட்டேன். அவள் மூன்று நாட்களாகக் காய்ச்சலில் கிடந்ததை அடுத்த நாள் தாயார் வந்து சொல்லித்தான் அறிந்தேன். பெயரை வாசித்தவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று முதல் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைப் பார்த்த பின்னரே குறியிடுகிறேன். கூடுதலாக இரண்டு மணித்துளி செல்கிறது. நாளின் எஞ்சிய பரபரப்பு அவ்விரண்டு மணித்துளியில் சற்று அடங்கிவிடுவதையும் காண்கிறேன். ஆசிரிய நண்பர்களே, நம் அரிசியும் கல்லும் அப்பதிவேட்டில்தான் கலந்து கிடக்கின்றன. இரண்டையும் ஒருங்கே நோக்குவோம்.