இரத்தவோட்டம் அறியப்பட்ட வரலாறு

உங்கள் இடக்கை மணிக்கட்டில் வலக்கை விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். நாடி துடிப்பது தெரியும். இருதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளும் வேகமே அங்கே துடிப்பாகத் தோன்றுகிறது. அவ்வாறு சென்ற இரத்தம் மீண்டும் இருதயத்தையே வந்தடைகிறது என்பதை இன்று சிறுவரும் அறிவர். ஆனால் இவ்வுண்மை நிலைபெறப் பல நூற்றாண்டுகள் ஆயின. அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழுடன் விளங்கிய கிரேக்க மருத்துவர் காலென். அக்காலத்தில் மனித உடலை அறுத்து ஆராய்வது வழக்கமன்று. ஆகவே குரங்கு, பன்றி முதலியவற்றை அறுத்துக் கண்டவற்றைக்கொண்டு மனித உடலை அவர் விளக்கினார். உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. அது உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்றார். இருதயத்தின் நடுச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உண்டென்றும் எழுதினார். பதினான்கு நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் இதனையே ஓதினர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோ நகரத்து இப்னு அல் நபீஸ் அத்துளைகளை மறுத்தார். இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்றார். இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழக ஆசிரியராயிருந்த வெஸாலியஸ், மனித உடலைத் தம் கையாலேயே அறுத்து ஆராய்ந்து, 1543இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் 1555ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரும் அத்துளைகளைப்பற்றி ஐயுற்றார்.

அதே பாதுவாவில் 1602இல் பட்டம் பெற்றவர் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேயர். அவருடைய ஆசிரியர் பாப்ரிஷியஸ், சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற அமைப்புகள் இருப்பதைக் காட்டியவர். இரத்தம் கைகால்களில் தேங்காமல் தடுக்கவே அவை உள்ளன என அவர் கருதினார்.

ஹார்வியோ கணக்குப் போட்டார். இன்றைய அளவிலே நாமும் போட்டுப் பார்ப்போம். ஒரு துடிப்பில் இருதயம் தள்ளும் இரத்தம் சுமார் 70 மில்லி லிட்டர். நிமிடத்திற்கு 70 துடிப்பு. அரைமணி நேரத்தில் ஏறத்தாழ 150 லிட்டர்! உடலில் உள்ளதோ சுமார் 5 லிட்டர்தான். என் வகுப்பு மாணவர்களைத் தத்தம் நாடியை எண்ணச் செய்து, இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதச் சொல்வதுண்டு. விடையைக் கண்டதும் எவனாவது ஒருவன், “இவ்வளவு இரத்தம் எங்கிருந்து வரும், ஐயா?” என்று கேட்பான். ஹார்வி கேட்டதும் அதுவே. உணவு இவ்வளவு இரத்தத்தைத் தர இயலாது. எனவே சென்றதே திரும்புகிறது என அவர் துணிந்தார்.

சோதனையும் செய்தார். மேற்கையை அளவாகக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை விரலால் அழுத்திக்கொண்டு, அதிலுள்ள இரத்தத்தை மற்றொரு விரலால் மேல்நோக்கித் தள்ளினால், அவ்விடம் வெறுமையாகிறது. மேலே சென்ற இரத்தம் கீழே இறங்குவதில்லை. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்புகிறது. சிரைக் கதவுகள் இருதயத்தை நோக்கியே வழிவிடுகின்றன என்பது இதனால் விளங்கிற்று.

1628இல் பிராங்க்பர்ட் நகரில் அவர் நூல் அச்சேறியது. பாரிஸ் நகரத்து ரியோலான் போன்ற பெரியோர் அதை எதிர்த்தனர். தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் செல்லும் வழியை ஹார்வியால் கண்ணால் காட்ட இயலவில்லை. 1657இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661இல், மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கி, அவ்விரண்டையும் இணைக்கும் மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார்.

காலெனை நாம் இகழ வேண்டுவதில்லை. அவர் தம் கையால் அறுத்து, தம் கண்ணால் பார்த்தவர். பின்வந்தோர் அவர் சொல்லைப் போற்றி, செயலைக் கைவிட்டனர். அவருடைய முடிவை மறுத்த ஹார்வியே அவருடைய செயலைப் பின்பற்றினார். மாணவர்களே, ஆசிரியர் சொல்வதைப் பணிவுடன் கேளுங்கள்; பிறகு நாடியில் கைவைத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.