பத்து நாள் பயிற்சி பிறந்த கதை

1885 நவம்பரில் பிரிட்டிஷ் படை மாண்டலே அரண்மனைக்குள் நுழைந்தது. பர்மாவின் திபோ மன்னரையும் அரசியையும் கப்பலேற்றி முதலில் சென்னைக்கும், பிறகு இரத்தினகிரிக்கும் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். பர்மியர்கள் இழந்தது ஓர் அரசரை மட்டுமல்ல. புத்த சாசனத்தைக் கட்டிக்காக்கும் கடமை அங்கே அரசருடையது. காவலன் போனபின் சாசனம் எத்தனை காலம் நிற்கும் என்ற கலக்கம் மடாலயங்களில் பரவியது.

அந்தக் கலக்கத்துக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் லெடி சயாடோ (1846–1923). அரசர் இல்லையென்றால் ஒவ்வொரு குடும்பத்தவரும் சாசனத்துக்குக் காவலாகட்டும் என்பது அவர் கண்ட வழி. ஊர் ஊராகப் போனார். பண்டிதர்களுக்கு மட்டுமே எட்டிய பௌத்தத் தத்துவமான அபிதம்மத்தை எளிய பர்மிய மொழியில் எழுதினார். அதுவரை தியானம் காட்டில் தனித்திருந்த சில துறவிகளின் தவமாகவே இருந்தது. பெரும்பாலான பிக்குகள்கூட அதில் இறங்கியதில்லை. லெடி சயாடோவோ, ஆழ்ந்த சமாதி நிலைகளை எட்டாமலேயே விபாசனா என்ற உள்நோக்குத் தியானத்தைத் தொடங்கலாம், உழவரும் வணிகரும்கூடத் தொடங்கலாம் என்றார். இன்று உலகெங்கும் நடக்கும் குறுகிய காலத் தியானப் பயிற்சிகளின் வேர்களில் ஒன்று இந்த முடிவில் இருக்கிறது. நாடு பறிபோன ஒரு மக்கள் கூட்டம் தன் சமயத்தைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த முடிவு அது.

அவருடைய வழியில் வந்த சயா தெட்ஜி துறவி அல்லர், விவசாயி. அவரிடம் 1937இல் தியானம் கற்றுக்கொண்ட ஊ பா கின், கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றபோது புதிய நாட்டின் முதல் தலைமைக் கணக்காயர் ஆனார். கோப்புகளுக்கு நடுவே தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் சொல்லிக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் பன்னாட்டுத் தியான மையத்தைத் திறந்தார். வேலையும் குடும்பமும் உள்ளவர் மாதக்கணக்கில் ஒதுங்கியிருக்க முடியாது. விடுப்பு எடுத்தால் பத்து நாள் கிடைக்கும். அந்தப் பத்து நாளுக்குள் அடங்கும்படி முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடலின் உணர்ச்சிகளைக் கவனிப்பது என்று பயிற்சி உறுதியான வடிவம் பெற்றது.

அதே நகரில் மகாசி சயாடோ, வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கும் இன்னொரு முறையை 1949 முதல் கற்பித்துவந்தார். இலங்கைத் துறவியான ஞானபோனிக்க தேரர் ஜெர்மனியில் பிறந்தவர். மகாசியிடம் பயின்று திரும்பியபின், 1954இல் அம்முறையை ஆங்கிலத்தில் விளக்கி நூல் எழுதினார். கண்டியின் காட்டுக் குடிலில் வாழ்ந்த அவருடைய எழுத்து மேற்கு நாட்டு இளைஞர்கள் பலரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் சத்ய நாராயண் கோயங்கா, ஊ பா கின்னிடம் 1955இல் வந்தது தீராத ஒற்றைத் தலைவலியோடு. 1969இல் இந்தியா வந்து பம்பாயில் தம் முதல் பத்து நாள் முகாமை நடத்தினார். பதினான்கு பேர் அமர்ந்த அந்த முகாமில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். பிறகு புத்தகயாவிலும் டல்ஹவுசியிலும் நடந்த முகாம்களுக்கு அமெரிக்க இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். 1974இல் டல்ஹவுசியில் உட்கார்ந்தவர்களில் ஹார்வர்ட் மாணவர் ரிச்சர்ட் டேவிட்சனும் ஒருவர். மூளையில் உணர்ச்சிகள் எப்படி உருவாகின்றன என்பதை ஆராய்வதே பின்னாளில் அவருடைய வாழ்நாள் பணியானது.

மருத்துவமனைக்குள் தியானத்தைக் கொண்டுபோனவர் ஜான் கபாட்-சின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மனஅழுத்தக் குறைப்புக்காக ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருந்தும் அறுவைச் சிகிச்சையும் கைவிட்ட நாள்பட்ட வலிக்காரர்களை மற்ற மருத்துவர்கள் அங்கே அனுப்பினார்கள். சமயப் பேச்சு கிடையாது, பாலிச் சொற்கள் கிடையாது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரப் பயிற்சி. தொடக்கத்தில் பத்து வாரமாக இருந்த திட்டம் பின்னர் எட்டு வாரமாக நிலைத்தது.

இத்தனை குறுகிய காலம் மூளையைத் தொடுமா? டேவிட்சனும் கபாட்-சின்னும் சேர்ந்து விஸ்கான்சினில் ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஊழியர்களிடம் இதைச் சோதித்தார்கள். எட்டு வாரம் பயின்ற 25 பேரின் மூளை மின்னலைகளில் இடது முன்பகுதிச் செயல்பாடு கூடியிருந்தது. நல்ல மனநிலையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட பகுதி அது. ஃப்ளூ தடுப்பூசிக்கு அவர்கள் உடலில் உருவான எதிர்ப்பொருளும், பயிலாத 16 பேரைவிட அதிகம். 2003இல் வெளியான இந்த ஆய்வுதான் பலரை இத்துறைக்கு இழுத்தது. 2011இல் பாஸ்டனில் பிரிட்டா ஹோல்செல் குழு எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டது. பயின்ற 16 பேரின் மூளையில், நினைவுக்கும் உணர்ச்சிக் கட்டுப்பாட்டுக்கும் உதவும் ஹிப்போகேம்பஸில் சாம்பல்நிறப் பொருளின் அடர்த்தி கூடியிருந்தது. எட்டே வாரத்தில் மூளை வளர்கிறது என்று பத்திரிகைகள் கொண்டாடின. பதினாறு பேர் மட்டுமே என்பது அந்த ஆரவாரத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை.

காலம் மேலும் சுருங்கியது. 2007இல் சீன மாணவர்களை ஆராய்ந்த யி-யுவான் டாங்கும் மைக்கேல் போஸ்னரும், நாளுக்கு இருபது நிமிடம் வீதம் ஐந்தே நாளில் கவனம் கூர்மையாவதையும், அழுத்தத்துக்குப் பின் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைவாகச் சுரப்பதையும் கண்டார்கள். 2011இல் ஃபாதெல் ஸெய்தான் இன்னும் துணிந்தார். பதினைந்து பேரின் கெண்டைக்காலில் 49 டிகிரிச் சூட்டை வைத்து மூளையைப் படமெடுத்தார். நான்கு நாள், நாளுக்கு இருபது நிமிடம் மூச்சைக் கவனிக்கப் பழக்கிவிட்டு மறுபடி சுட்டார். மூச்சைக் கவனித்திருந்தபோது அவர்கள் சொன்ன வலியின் அளவு 40 சதவீதமும், அந்த வலி தந்த துன்பம் 57 சதவீதமும் குறைந்திருந்தன. வலியைவிட, வலியால் வரும் வேதனை அதிகம் தணிந்திருக்கிறது. இந்த வரலாற்றில் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது.

2014இல் டேவிட் கிரெஸ்வெல் குழு கண்டது எதிர்பாராதது. மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம் பயின்றவர்கள் கடுமுகம் காட்டிய நடுவர்முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் நேர்ந்தபோது, பதற்றம் குறைவு என்றுதான் சொன்னார்கள். ஆனால் உடலில் கார்டிசால் மற்றவர்களைவிட அதிகமாகச் சுரந்தது. புதிதாகப் பழகுபவருக்கு அமைதியாக இருப்பதும் ஓர் உழைப்பு என்றே இதற்கு ஆய்வாளர்கள் பொருள் கண்டார்கள்.

2022இல் வந்த ஆய்வு டேவிட்சனின் சொந்தக் கூடத்திலிருந்தே வந்தது. 218 பேரை வைத்துப் பார்த்தபோது, எட்டு வாரப் பயிற்சியால் மூளையின் அமைப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. தாம் வளர்த்த துறையின் புகழ்பெற்ற முடிவையே மறுக்கும் ஆய்வில் தம் பெயரையும் சேர்த்து வெளியிட்ட நேர்மை போற்றத்தக்கது. மூளையின் உருவம் மாறுகிறது என்ற பேச்சு இதோடு வலுவிழந்தது. உணர்ச்சிகளின் போக்கு மாறுகிறது என்பதற்கான சான்றுகள் நிலைத்திருக்கின்றன. 2000இல் வெளியான ஆய்வில், மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் தியானப் பயிற்சியால் நோய் திரும்புவது 66 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் இல்லை. 2022இல் பதற்ற நோயாளிகள் 276 பேரிடம் நடந்த சோதனையில், எட்டு வாரப் பயிற்சி எசிடலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது.

எல்லோருக்கும் அமைதியே வாய்ப்பதில்லை. அச்சமும் தூக்கமின்மையும் தன்னுணர்வுக் குழப்பமும் தியானத்தின்போது நேர்ந்தவர்களிடம் பேசி, ஜேரட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் குழுவினர் 2017இல் விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். கோயங்கா வழியில் நடக்கும் விபாசனா மையங்களும் சேர விரும்புகிறவரின் மனநலத்தைப் பற்றி விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. தீவிர மனநோய் உள்ளவர்களுக்குப் பத்து நாள் முகாமை அவை பரிந்துரைப்பதில்லை.