நுண்ணுயிர் தந்த மருந்து: இன்சுலின் காட்டும் உயிரித் தொழில்நுட்ப வரலாறு

அரைத்த மாவை இரவில் மூடி வைத்தால் விடியற்காலையில் அது பொங்கிப் புளித்து நிற்கிறது. காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி பழைய தயிர் விழுந்தால் முழுப் பாலும் உறைகிறது. மலாய்க்காரர் வீட்டில் சோறு தப்பாய் ஆவதும், தென்னம்பாளையிலிருந்து இறக்கிய இனிப்பு நீர் சில மணி நேரத்தில் கள்ளாவதும் இதே வகை வேலைதான். இவ்வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவற்றின் பெயரைக்கூட அறியாத காலத்திலேயே மனிதன் அவற்றிடம் வேலை வாங்கக் கற்றிருந்தான்.

இவ்வாறு உயிர்களைக் கொண்டு மனிதனுக்குப் பயன்படும் பொருள்களை ஆக்கும் முறையே உயிரித் தொழில்நுட்பம் எனப்படுகிறது. பால் புளிப்பது ஓர் உயிரின் செயல் என்பதை 1857ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். இத்துறைக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயரை 1919இல் சூட்டியவர் ஹங்கேரி நாட்டுப் பொறியியல் அறிஞர் கார்ல் எரெக்கி. ஆயினும் இத்துறையின் முழு ஆற்றலையும் உலகுக்குக் காட்டியது ஒரு மருந்து. அதுவே இன்சுலின்.

பட்டினியே மருந்தாக இருந்த காலம்

நீரிழிவு, அதாவது மக்கள் வழக்கில் ‘இனிப்பு நீர்’, மிகப் பழைய நோய். உணவிலிருந்து வரும் சர்க்கரை இரத்தத்தில் தங்கிவிடாமல் உடலின் அணுக்களுக்குள் புக வேண்டும். அதற்கு வாயில் திறப்பது, வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையம் சுரக்கும் இன்சுலின். அது சுரக்காவிடில் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தும் உடல் பட்டினியால் வாடுகிறது. 1889இல் ஜெர்மானிய அறிஞர்களான மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. நோயின் மூலம் எங்கே என்பது அதனால் தெரிந்தது, மருந்துதான் கிடைக்கவில்லை. இந்நோய் கண்ட குழந்தைகளுக்கு உணவைக் குறைத்து, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதே அன்றைய வைத்தியர்களால் இயன்றது.

1921ஆம் ஆண்டின் கோடைக் காலத்தில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லியோடின் ஆராய்ச்சிச் சாலையில், பாண்டிங் என்னும் இளம் அறுவை மருத்துவரும் பெஸ்ட் என்னும் மாணவரும் கணையச் சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றனர். பின்னர் கோலிப் என்னும் இரசாயன அறிஞர் சேர்ந்து அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11ஆம் நாள், டொராண்டோ மருத்துவமனையில் 65 ராத்தல் எடையே இருந்த லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லாததால் அது பலன் தரவில்லை. ஜனவரி 23இல் கோலிப் தூய்மைப்படுத்திய சாறு செலுத்தப்பட்டது. இரத்தச் சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் பாண்டிங்குக்கும் மக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தம் பரிசுப் பணத்தைப் பெஸ்டுடனும், மக்லியோடு கோலிப்புடனும் பகிர்ந்துகொண்டனர். கண்டுபிடிப்பின் உரிமையையோ பாண்டிங், பெஸ்ட், கோலிப் ஆகிய மூவரும் தலைக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டனர்.

கசாப்புச் சாலையை நம்பிய மருந்து

அடுத்த அறுபது ஆண்டுகள் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே வந்தது. எட்டு அவுன்ஸ் தூய இன்சுலின் எடுக்க ஏறத்தாழ இரண்டு டன் பன்றியுறுப்புகள் தேவைப்பட்டன. சிலர் உடலுக்கு அது ஒவ்வவில்லை. சில சமயத்தாருக்கு அவ்விலங்குகளே மனத்தடையாயின. நோயாளர் தொகை பெருகினால் கணையம் போதுமா என்ற அச்சமும் எழுந்தது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தனர். 1955இல் இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர், இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் இரு சங்கிலிகளாகக் கோத்த பொருள் என்று முழுமையாகக் காட்டி முடித்தார். 1973இல் அமெரிக்காவில் கோஹனும் போயரும் ஓர் உயிரின் மரபணுவை வெட்டிப் பாக்டீரியாவுக்குள் ஒட்டினர். இதனால் தீங்கு விளையுமோ என்று விஞ்ஞானிகளே அஞ்சினர். 1975இல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் ஏறத்தாழ 140 பேர் கூடிப் பாதுகாப்பு விதிகளை வகுத்துக்கொண்டனர். தம் ஆராய்ச்சிக்குத் தாமே வேலி கட்டிய அச்செயல் போற்றத்தக்கதன்றோ!

1978இல் ஜெனன்டெக் கம்பெனியும் சிட்டி ஆப் ஹோப் ஆராய்ச்சி நிலையமும் மனித இன்சுலினைப் பாக்டீரியாவில் உண்டாக்கியதாக அறிவித்தன. அதன் முறை இது: இன்சுலினுக்குரிய மரபணுவை இரசாயன முறையில் கட்டினர், சங்கிலிக்கு ஒன்றாக இருவகைப் பாக்டீரியாக்களில் புகுத்தினர், அவை ஆக்கிய இரு சங்கிலிகளையும் பின்னர் இணைத்தனர். தக்க சூழலில் இப்பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்காகும். ஒரு தொட்டியே மந்தைகளின் வேலையைச் செய்வது இப்பெருக்கத்தால்தான். 1982 அக்டோபரில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. மரபணு மாற்றிய நுண்ணுயிர் தந்த முதல் மருந்து இதுவே. 1980களின் பிற்பகுதியில் டென்மார்க் நாட்டார், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டையே இன்சுலின் ஆக்கப் பழக்கினர்.

இன்னும் முடியாத கதை

அறிவு வென்றது, நியாயம் அதனுடன் கூடவே வந்துவிடவில்லை. ஒரு டாலருக்குக் கைமாறிய கண்டுபிடிப்பின் வழிவந்த மருந்து, அமெரிக்காவில் ஏழைகளால் வாங்க இயலாத விலைக்கு ஏறியது. அளவைக் குறைத்து ஊசி போட்டு உயிர் இழந்தவரும் உண்டு. 2023இல்தான் அங்கே முதியோருக்கான அரசுக் காப்புறுதித் திட்டத்தில் மாதச் செலவுக்கு 35 டாலர் என்ற வரம்பு வந்தது. மலேசியாவில் குடிமக்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளில் சொற்பக் கட்டணத்தில் இம்மருந்து கிடைக்கிறது. ஜொகூர் மாநிலத்திலேயே இன்சுலின் ஆக்கும் ஆலையும் எழுந்துள்ளது.

இந்நாட்டில் பெரியவர்களுள் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்பது 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்கு. இந்தியரிடையே இவ்விகிதம் மலாய்க்காரர், சீனரிடையே உள்ளதைவிட மிகுதி. இவர்களுள் பலருக்கு உணவுக் கட்டுப்பாடும் மாத்திரையும் போதும்; அவை போதாதபோதுதான் ஊசி தேவைப்படுகிறது. ஆனால் ‘ஊசி என்றாலே கடைசிக் கட்டம்’ என்று அஞ்சி, மருத்துவர் சொல்லியும் தள்ளிப்போட்டுக் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இழப்போர் உளர்.

அவர்களுக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி ஒன்றுதான். ஊசி சாவின் முன்னறிவிப்பாக வரவில்லை; சாகக் கிடந்த ஒரு பிள்ளையை எழுப்பவே வந்தது. அன்று டொராண்டோவில் பெற்றோர் ஏங்கிக் காத்திருந்த மருந்து இன்று பேட்டை கிளினிக்கில் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. தேவைப்படும்போது அதை மறுக்காமல் ஏற்பதே அறிவுடைமை.