அப்பா வாழ்ந்த ஆண்டுகளுக்கு என்ன மதிப்பு?



"எங்கள் அப்பா தமிழ்நாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே பாடுபட்டு, இங்கேயே கண்ணை மூடினார். அவர் வாழ்ந்த காலத்தை வைத்து எனக்குப் பிரஜாவுரிமை கேட்க முடியாதா?" தோட்டப்புறங்களில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி இது. முடியும், முடியாது என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்வதற்கில்லை. கேட்பவர் எந்த நாளில், எங்கே பிறந்தார் என்பதை முதலில் பார்க்கவேண்டும். பெற்றோர் இங்கு வாழ்ந்த ஆண்டுகளுக்குச் சட்டம் எல்லாக் காலத்திலும் ஒரே மதிப்பைக் கொடுத்ததில்லை.

1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு பிறந்தது. பதினைந்து ஆண்டு என்ற கணக்கு அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. மலாயாவில் பிறந்த ஒரு பிரிட்டிஷ் பிரஜையின் தந்தையும் இங்கேயே பிறந்திருந்தால், அல்லது தந்தை இங்கே தொடர்ச்சியாக 15 ஆண்டுகள் வாழ்ந்திருந்தால், பிள்ளை மனுப்போடாமலே கூட்டரசுப் பிரஜை ஆகலாம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 1948இல் பதினைந்தைக் கழித்தால் வருவது 1933. அதற்குச் சற்று முன்பு, 1930ஆம் ஆண்டு தொடங்கி, ரப்பர் விலை வீழ்ந்து தோட்டங்கள் ஆட்களைக் குறைத்தன. ஆயிரமாயிரம் பேர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். தோட்டங்களுக்கு ஆள் வருவது மறுபடியும் தொடங்கியது 1934இல். அப்படிப் போய்த் திரும்பிய ஒருவர் அதற்கு முன்பு பத்து வருஷம் பால்மரம் வெட்டியிருந்தாலும், தொடர்ச்சிக் கணக்கில் 1948 பிப்ரவரியில் அவருக்குப் பதினைந்து நிறையவில்லை. அவராகவா போனார்? இல்லை. வேலையிலிருந்து நிறுத்தியதால் போனார். இதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'பிரிட்டிஷ் பிரஜை' என்ற சொல்லிலும் ஒரு முடிச்சு இருந்தது. திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஆகியவை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள். புதுக்கோட்டையோ அப்போது ஒரு மன்னரின் சமஸ்தானம். சமஸ்தானத்தில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களாகக் கருதப்பட்டார்களே தவிர, பிரிட்டிஷ் பிரஜைகளாக அல்ல. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தவர்கள், ஒரே பெரட்டில் நின்றவர்கள், ஆனால் காகிதத்தில் வேறு வேறு ஆட்கள்!

1952இல் இந்த விதிகள் தளர்ந்தன. இங்கே பிறந்தவருக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் இங்கே பிறந்திருந்தால் போதும் என்றானது.

அடுத்து வந்தது சுதந்திரம். 1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் யார், எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள் என்ற கேள்வியே பொதுவாக எழவில்லை. மண்ணில் பிறந்ததே போதுமானதாக இருந்தது. இந்த ஐந்தாண்டுக் காலத்தை நேயர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் என்பதற்காக, இந்த ஆண்டுகளில் பிறந்தவர் தமக்கு உரிமை இல்லை என்று ஒதுங்கிவிடக் கூடாது.

1962 அக்டோபர் முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோர் மறுபடியும் கணக்கில் வந்தார்கள். குழந்தை பிறந்த அன்று தாயோ தந்தையோ பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். சிவப்புக் கார்டு என்றால் நிரந்தரவாசி. தமக்குப் பிரஜாவுரிமை கிடைக்காத பெற்றோர், அந்தக் கார்டின் பலத்தால் பிள்ளைக்கு நீலக் கார்டு வாங்கித் தர முடிந்தது. அந்தக் கார்டை வைத்திருந்த பலருக்கு அதன் அருமை தெரியாமலே போயிற்று. நிரந்தரவாசி என்ற இந்தச் சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024இல் நிறைவேற்றியது.

பிரஜை அல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1969இல் தோட்டங்களை எட்டியபோது, பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். அவர்களில் பலர் சுதந்திரம் வந்தபோதே மனுப்போட்டிருக்கலாம். இங்கே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் மனுச்செய்தால் மலாய் மொழிச் சோதனைகூட இல்லாமல் இருந்தது. ஆனால் பாரம் எழுதித்தர ஆளில்லை, ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போக மனமில்லை. சிலருக்கு, பெயரை இங்கே எழுதிவிட்டால் ஊரில் உள்ள காணி போய்விடுமோ என்ற பயமும் இருந்தது.

தந்தை வழியில் உரிமை கேட்பவர்கள் திருமணப் பதிவையும் மறக்கக்கூடாது. பெற்றோர் சட்டப்படி மணந்திராவிட்டால் பிள்ளையின் பிரஜாவுரிமை தாயைக் கொண்டே தீர்மானிக்கப்படும். 1982 மார்ச் 1ஆம் தேதி முதல் முஸ்லிம் அல்லாதவர் திருமணங்களைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட குடும்பங்களில், தகப்பன் நீலக் கார்டுக்காரராக இருந்தும் பிள்ளை பத்திரமின்றித் தவிப்பது இதனால்தான்.

ஆகவே, பழைய பெட்டியைத் திறந்து தேடுங்கள். பிறந்த பத்திரம், பெற்றோரின் பிறந்த பத்திரம், கல்யாணப் பதிவு, அப்பாவின் பழைய கார்டு அல்லது அதன் எண், கடப்பிதழ் எல்லாம் வேண்டும். இவை இல்லாவிட்டால், தோட்டத்துச் செக்ரோல், தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, 1952 முதல் பணம் பிடித்துவந்த ஊழியர் சேமநிதிக் கணக்கு ஆகியவற்றில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் கைமாறியிருந்தால், பழைய புத்தகங்கள் யாரிடம் இருக்கின்றன என்று அந்நாளில் வேலைபார்த்த கிராணியிடம் கேளுங்கள். கிடைத்தவற்றின் நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, மூலப் பத்திரங்களுடன் தேசியப் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள். பெயரின் எழுத்து ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் இருந்தால், அதையும் முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.