பெட்டிக்குள் இருந்தது அவருக்குத் தெரியுமா?

போதைப்பொருள் வழக்குகளில் பல நேரம் பொருளைப் பற்றித் தகராறே இருக்காது. பெட்டி எதிரியுடையது, உள்ளே ஹெராயின் இருந்தது, இரண்டையும் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். "உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது" என்ற ஒரே வாக்குமூலத்தில்தான் வழக்கு நிற்கும். ஆஸ்திரேலியாவில் அதை எடைபோடுபவர்கள் சட்டம் படிக்காத பன்னிரண்டு ஜூரிகள். எப்படி எடைபோடுவது என்று அவர்களுக்கு நீதிபதி சொல்லித்தர வேண்டும். அந்த அறிவுறுத்தல் உருவான வரலாற்றை நம் இளம் வழக்கறிஞர்களுக்காக இம்மலரில் பதிவு செய்கிறேன்.

திருப்புமுனை, 1985இல் தீர்ப்பான ஹி கா தே வழக்கு. மெல்போர்ன் விமான நிலையத்தில் இறங்கிய பயணியின் பையில் போலி அடித்தட்டு, அதற்குள் ஹெராயின். 1901ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 233பி பிரிவு, வைத்திருந்ததற்கு நியாயமான காரணம் உண்டென்றால் அதை எதிரியே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதனால் "தெரியாது" என்பதை மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையில் விழுந்தது. அந்நாட்டின் உச்ச மன்றமான ஹை கோர்ட், பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை ஏற்க மறுத்தது. ஆயுள் தண்டனைவரை போகும் குற்றத்தில், அறியாமல் சிக்கியவரையும் தண்டிக்க நாடாளுமன்றம் நினைத்திருக்குமா? எதிரிக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பே ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லி, மறுவிசாரணைக்கு அனுப்பியது. அதே 1985இல் இந்தியாவில் வந்த என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, சுமையை எதிரியின் மேல் வைத்து நேரெதிர்த் திசையில் போனது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பிறர் மனத்தில் இருப்பதை எப்படி மெய்ப்பிப்பது? 1987இல் வந்த குரால் வழக்கு வழி சொன்னது. அடித்துச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போதைப்பொருளாக இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு என்று உணர்ந்தே கொண்டுவந்தார் என்றால், அதிலிருந்து உள்நோக்கத்தை ஜூரி ஊகிக்கலாம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார், சுங்க அதிகாரியிடம் முதலில் சொன்னது என்ன, பையின் எடை ஏன் அவருக்கு உறுத்தவில்லை என்பவையெல்லாம் ஊகத்துக்கான சான்றுகள். மறு ஆண்டே பெரேரா வழக்கு இதற்கு ஒரு கடிவாளம் போட்டது: சந்தேகப்பட்டும் விசாரிக்காமல் விட்டது சான்றுதான், ஆனால் அறிவுக்கு அது ஈடாகாது. சராசரி மனிதனுக்குத் தெரிந்திருக்கும் என்பது போதாது; இந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பார்வையில் குரால் தீர்ப்பின் மிகச் சிறந்த பகுதி வேறு. தாங்கள் சொன்னவை ஜூரிக்கு அப்படியே படித்துக்காட்டுவதற்கு அல்ல, அந்தந்த வழக்கின் சங்கதிக்கேற்ப அறிவுறுத்தலை வடிக்க நீதிபதிக்கு உதவுவதற்கே என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள். நடைமுறை அப்படியா இருக்கும்? மேல்முறையீட்டில் தீர்ப்பு உடையுமோ என்ற பயத்தில், மாதிரி வாசகங்களை வரி பிசகாமல் ஒப்பிப்பதே பாதுகாப்பாகிவிடும். விக்டோரியா மாநிலத்தில் 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த நீதித்துறைக் கல்லூரி, நீதிபதிகளுக்கான மாதிரி அறிவுறுத்தல் நூலைப் பராமரித்து வருகிறது. அறிவுறுத்தல்கள் நீண்டு சிக்கலாகிவிட்டன என்ற குறையைத் தீர்க்க 2013இலும் 2015இலும் அம்மாநிலம் ஜூரி அறிவுறுத்தல் சட்டங்களை இயற்றியது. இப்போது சட்ட விளக்கத்தை நீட்டாமல், விடை காண வேண்டிய கேள்விகளாகவே விஷயத்தை ஜூரியின் முன் நீதிபதி வைக்கலாம்.

இதற்கிடையே, 2005இல் இறக்குமதிக் குற்றங்கள் சுங்கச் சட்டத்திலிருந்து ஆஸ்திரேலிய மத்திய குற்றவியல் தொகுப்புக்கு மாறின. பொருள் போதைப்பொருள் என்பதைப் பொறுத்தவரை அசட்டைத் துணிச்சலே (recklessness) போதும் என்றாயிற்று. ஆனால் கொண்டுவரும் செயலில் உள்நோக்கம் வேண்டும். அதை ஊகிக்க குரால் வழி இன்றும் செல்லும் என்று 2017இல் ஹை கோர்ட் உறுதி செய்தது. இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டுமுன், குரால் தீர்ப்பின் அந்த எச்சரிக்கைப் பத்தியை முதலில் படியுங்கள்.