வாலுத்தனத்துக்கு ஒரு ஆப்ஷன்

கம்ப்யூட்டர் விளையாட்டுல சுடுறது, வெட்டுறது, கார் ஓட்டுறது பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதியாச்சு. நான் இன்னைக்கு எழுதப் போறது அதுல வர்ற வாலுப் பசங்களோட வரலாறு. சிரிக்காதீங்க, சீரியஸாத்தான் சொல்றேன் :-)

1996-ல ஜப்பான்ல பந்தாய் கம்பெனி தமகோச்சின்னு முட்டை சைஸ்ல ஒரு பொம்மை விட்டாங்க. உள்ளே ஒரு குட்டி ஜீவன். பசிச்சா கூப்பிடும். சில நேரம் பசி, தூக்கம் எதுவும் இல்லாம சும்மாவே கூப்பிடும். அப்போ அதட்டணும். அதுக்குன்னே ஒரு ஆப்ஷன், அதட்டினா ஏற ஒரு ஒழுக்க மீட்டர். குறும்புங்கிறது அங்கே சரி பண்ண வேண்டிய ஒரு பக், அவ்வளவுதான்.

அடுத்து 2000 பிப்ரவரி. வில் ரைட் உருவாக்கிய தி சிம்ஸ் வந்துச்சு. வீடு கட்டி, ஆட்களைக் குடிவெச்சு, அவங்க சாப்பாடு தூக்கம் எல்லாம் பார்த்துக்கற விளையாட்டு. அதுல குழந்தைங்க எத்தனை நாள் ஆனாலும் வளர மாட்டாங்க. படிக்கணும், ஸ்கூலுக்குப் போகணும். கிரேடு எஃப்புக்கு இறங்கிட்டா பிள்ளையை ராணுவப் பள்ளிக்கு அனுப்பிடுவாங்க. திரும்பி வரவே மாட்டான், ஆட்டத்துலேர்ந்தே அவுட். நம்ம ஊர் அப்பாக்கள் கூட "ஹாஸ்டல்ல தள்ளிடுவேன்"னு மிரட்டுறதோட நிறுத்திக்குவாங்க!

பொட்டி தட்டுறவங்களுக்காக ஒரு சின்ன தகவல். சிம்ஸ்ல புத்தி முக்கால்வாசி பொருட்கள்லதான் இருக்கும். ஃப்ரிட்ஜ் "என்கிட்ட வந்தா பசி தீரும்"னு சுத்தி இருக்கறவங்களுக்கு விளம்பரம் பண்ணும். தேவை இருக்கறவன் எழுந்து போவான். டாய்லெட்டும் அப்படித்தான். ஆனா ஒரு எட்டு வயசுப் பையன் டாய்லெட்டைப் பார்த்தா அவனுக்கு என்னென்ன தோணும்? அந்த யோசனைக்கு முதல் சிம்ஸ்ல இடமே இல்லை.

2004-ல வந்த சிம்ஸ் 2-ல குழந்தைங்க வளர ஆரம்பிச்சாங்க. தத்தக்கா பித்தக்கான்னு நடக்கிற வாண்டு டாய்லெட் தண்ணில கைய விட்டு அளையும். டீன் ஏஜ் பசங்க ராத்திரில நைசா நழுவுவாங்க.

பெரிய திருப்பம் 2011-ல. சிம்ஸ் 3-க்கு ஜெனரேஷன்ஸ்னு ஒரு எக்ஸ்பான்ஷன் வந்துச்சு. ஷவர், டாய்லெட், கம்ப்யூட்டர் எதுல வேணும்னாலும் பொறி வைக்கலாம். அடுத்த வீட்டு வாசல்ல வேலையக் காட்டிட்டு ஓடலாம். மாட்டினா அப்பா அம்மா திட்டி, வீட்டோட கட்டிப் போடலாம். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். கண்டுபிடிக்க ஒரு ஆள், மாட்டிக்குவோமோங்கற பயம், இது ரெண்டும் இல்லாட்டி குறும்புல என்ன ருசி? பிள்ளைக்கு ஆப்ஷன் கொடுக்கணும்னா பெத்தவங்களுக்கும் சேர்த்துக் கோடு எழுதணும்.

2017 மே மாசம் சிம்ஸ் 4-க்கு பேரன்ட்ஹுட் பேக் வந்துச்சு. பிள்ளைங்க இன்னும் நல்லாவே அட்டகாசம் பண்றாங்க. கரடி வேஷம் போட்டுக்கிட்டு கழட்ட மாட்டேன்னு அடம் கூட உண்டு! ஆனா மரியாதை, பொறுப்பு, இரக்கம், கோபத்தைக் கட்டுப்படுத்தறது, சண்டையைத் தீர்க்கறதுன்னு அஞ்சு மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். பெரியவன் ஆகறப்போ அந்தக் கணக்குப்படி குணம் அமையும்.

டிசைன்னு பார்த்தா அருமை. ஆனா எனக்கு மனசு ஒப்பலை. தமகோச்சில ஒத்தை மீட்டர், இப்போ அஞ்சு. சின்ன வயசுல பண்ற ஒவ்வொண்ணும் பின்னால வரப்போற பெரிய மனுஷனுக்கான முதலீடா? நிஜத்துல டிபன் பாக்ஸைத் திருடித் தின்னவனெல்லாம் திருடன் ஆயிட்டானா என்ன? ஒழுங்கா பேங்க்ல உத்தியோகம் பார்க்கறான்.

இந்த மாதிரி விளையாட்டை அடுத்து எழுதப் போற புண்ணியவானுக்கு ஒரே கோரிக்கை. எந்த மீட்டரையும் ஏத்தாத, இறக்காத ஒரு குறும்பு வைங்க சாமி. மாட்டட்டும், திட்டு வாங்கட்டும், மறுநாள் காலைல எல்லாரும் மறந்துடட்டும்.

நீங்க சொல்லுங்க மக்கா, உங்ககிட்ட விட்டா என்ன ஆப்ஷன் வைப்பீங்க?