கறுப்பு அட்டை

பாட்டைக் கேட்டு இசைத்தட்டு வாங்குகிறவர்கள் புத்திசாலிகள். நான் அட்டையைப் பார்த்து மயங்குகிற ரகம்.

அப்படி என்னை மயக்கியது, 1979-ல் மாஞ்செஸ்டரில் 'ஃபாக்டரி' என்ற சிறு கம்பெனி வெளியிட்ட 'அன்னோன் பிளெஷர்ஸ்'. பாடியவர்கள் 'ஜாய் டிவிஷன்' என்னும் நால்வர். முகப்பிலே அவர்கள் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. கரிய பரப்பு, நடுவில் மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள்.

மலையல்ல அது, ஒரு நட்சத்திரத்தின் நாடித் துடிப்பு! 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்ற மாணவி கண்டுபிடித்த முதல் பல்ஸார். 1.337 விநாடிக்கு ஒரு துடிப்பு. அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் பதிவானதை, முன்கோடு பின்கோட்டை மறைக்கும்படி கம்ப்யூட்டரைக் கொண்டு அடுக்கினார் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற ஆராய்ச்சி மாணவர். 1970-ல் கார்னெல் சர்வகலாசாலைக்கு அவர் கொடுத்த ஆய்வேட்டுக்காக, படம் வரையும் பெண்மணி ஒருத்தி அந்தக் கோடுகளை மை தொட்டுப் பிரதி எடுத்துக் கொடுத்தாள். 1977-ல் படம் ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் ஏறியது. அங்கேதான் குழுவினர் கண்ணில் பட்டது.

வெள்ளையில் கறுப்புக் கோடாகவே இருக்கட்டும் என்றார்கள் அவர்கள். அட்டையை அமைத்த 23 வயது பீட்டர் ஸாவில் கேட்கவில்லை. நிறத்தை மாற்றிப் போட்டார். பிள்ளையாண்டான் செய்தது சரி என்பேன். விண்வெளி வெள்ளையாகவா இருக்கும்?

கிராஃப்டுக்கு ஒரு சகா சொல்லித்தான் சங்கதி தெரிந்ததாம். கடைக்குப் போய்த் தம்முடைய படத்தைத் தாமே காசு கொடுத்து வாங்கி வந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. எண்பது கோடுகளையும் கை நடுங்காமல் இழுத்தாளே, அவள் பெயரை அட்டையில் எந்த மூலையில் தேடுவது?